ஷட்டர் கணக்கு

பர்வானியாவில் ஒரு கண்ணாடிக்கடையில்
எனக்கு லென்ஸ் அறுக்கும் வேலை.
நாளொன்றுக்கு நாற்பது பேரின் பார்வை,
மைனஸ் இரண்டேகால், ப்ளஸ் ஒன்றரை என்று
என் விரலிடுக்கு வழியாகத்தான் போகிறது.
இருந்தும் கேமரா வாங்கப் போன அன்று
கண் தெரியாதவன் போல நின்றேன்.

புதியது நூற்று அறுபத்தைந்து தினார்.
கடைப்பையன் பெட்டியைத் திறந்து காட்டினான்.
தெர்மோகோல் பள்ளத்தில்
இதுவரை எதையுமே பார்த்திராத ஒரு கண்.
இரண்டு வருட வாரண்டி, என்றான்.
என் விசாவில் மிச்சம் பதினோரு மாதம்.
என்னைவிட இங்கே உறுதியாக இருக்கப்போகும் ஒரு பொருளைக்
கையில் ஏந்திக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
திரைமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை
உரித்துவிட நகம் துடித்தது.
"பில் போட்டால்தான் அண்ணே உரிக்கலாம்."

அறையில் ஆளுக்கொரு நியாயம்.
முதல் கேமரா எப்படியும் கீழே விழும்,
விழப்போவதை மலிவாக வாங்கு என்றான் சகாயராஜ்.
பைரோஸ் எதுவும் சொல்லவில்லை,
நூற்று அறுபத்தைந்தை மெஸ் காசால் வகுத்து
விடையை மட்டும் காட்டினான்.
போனில் ஜெனிபா கேட்டாள்:
"அடுத்தவங்க கண்ணு படக்கூடாதும்பாங்க.
நீங்க அடுத்தவங்க கண்ணையே
காசு குடுத்து வாங்கப்போறீங்களா?"
சிரித்தேன்.
அப்புறம் தூக்கம் வரவில்லை.

எழுபது தினார் கேமரா மஹ்பூலாவில் இருந்தது.
இரண்டு பஸ் மாறி, லிப்ட் ஓடாத கட்டடத்தில் ஆறாவது மாடி.
ரோவெனா.
வியாழக்கிழமை மணிலாவுக்கு விமானம்.
அறை முழுக்கப் பழுப்பு டேப் சுற்றிய அட்டைப்பெட்டிகள்,
உட்காரவும் ஒரு பெட்டியையே காட்டினாள்.
நான் கேட்குமுன் அவளே சொன்னாள்,
நாற்பத்தோராயிரத்து முந்நூற்று முப்பது தடவை
ஷட்டர் விழுந்திருக்கிறது.
அத்தனையும் என்ன?
கேக், என்றாள்.
பகலில் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை,
ராத்திரியில் கேக்.
யார் யார் பிறந்தநாளோ,
கத்தி படுவதற்கு முந்தைய நிமிடத்தில்
நாற்பத்தோராயிரம் தடவை.

லென்ஸைக் கழற்றி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
இது நமக்குத் தெரிந்த வித்தை.
உள்ளே, இரண்டாவது கண்ணாடியின் ஓரத்தில்
பூஞ்சை,
நரைமுடியில் கால்வாசி இருக்கும்.
அவளுக்குத் தெரியவில்லை.
வாயைத் திறந்தால் பத்து தினார் குறையும்.
திறந்தேன்.
மூலையில் எடைபார்க்கும் தராசு மேல்
ஒரு சூட்கேஸ் நின்றது,
பக்கத்தில் அதிலிருந்து வெளியே எடுத்துப்போட்ட
குளிர்காலச் சட்டைகள்,
ஒரு ஜோடி சின்ன ஷூ.
வாயை மூடிக்கொண்டேன்.
குறை சொல்லாமல் ஒரு பொருளை வாங்கியது
என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

அவள் வாரை மட்டும் கழற்றினாள்.
"இது எனக்கு."
சுருட்டிக்கொண்டே, அழுத்திப் பார், என்றாள்.
அழுத்தினேன்.
கத்திரிக்கோல் ஒருதரம் மூடித் திறந்த சத்தம்.
பாதி வெளிச்சத்தில், கலங்கலாக,
வாரைச் சுற்றும் இரண்டு கைகள்.
கீழே ஆயிரத்து முந்நூற்றிச் சொச்சம் என்று ஓர் எண்.
மீதி நாற்பதாயிரம் எங்கே, என்று கேட்டேன்.
"பத்தாயிரம் நெருங்கினால்
அது மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும்"
என்றாள், டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

பூஞ்சையைக் கடை மூடியபின் நானே துடைத்துக்கொள்ளலாம்.
திரவம் இருக்கிறது, துணி இருக்கிறது,
சின்னத் திருப்புளி ஒன்றுதான் தேட வேண்டும்.

பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு
கேமரா திரையைப் போனில் படமெடுத்து
ஜெனிபாவுக்கு அனுப்பினேன்,
முதல் படம் என்று.

யார் கை இது, என்று வந்திருக்கிறது.
பாலம் தாண்டியாயிற்று.
இன்னும் பதில்
தட்டிக்கொண்டிருக்கிறேன்.