மேசை நான்கு, பேல் ஏல்

பல்லாரட் கண்காட்சித் திடல், தகரக் கொட்டகை,
ஜூலை மாதத்துக் குளிரில் காலை ஒன்பது மணி.
கோழிகளுக்குப் பரிசு கொடுக்கிற கொட்டகை இது.
மூலையில் இன்னும் இரண்டு இறகு கிடக்கிறது.
சென்ட் பூசாதீர்கள், காப்பி குடிக்காதீர்கள்,
உதட்டுச் சாயம் நுரையைக் கொல்லும் என்று
நடுவர்களுக்குக் கடிதம் வந்திருந்தது.
இட்லியைக்கூட மிளகாய்ப் பொடி இல்லாமல் தின்றேன்.

என்னோடு லொரெய்ன் பெட்ரி,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், மூக்கு கூர்மை.
மார்க்கோ, கூரை வேய்கிறவன்;
எந்த பியரிலும் அவனுக்குப் பச்சை ஆப்பிள் மணக்கும்,
சில சமயம் இருக்கவும் செய்யும்.
நான் குடிநீர் வாரியத்தில் தண்ணீரைச் சோதிக்கிறவள்.
எதுவுமே ருசிக்கக் கூடாது என்பதுதான் அங்கே வெற்றி.
இங்கே வருவது அதற்குப் பழிவாங்க.

முதல் ஐந்து குப்பி சீக்கிரம் முடிந்தது.
ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டி.
ஒன்று வெறும் இனிப்பு, சம்பந்தி வீட்டுப் பேச்சு மாதிரி.
ஒன்றைத் திறந்ததும் பீறிட்டுக் கூரையைத் தொட்டது.
லொரெய்ன் சட்டையைத் துடைத்தபடி எழுதினாள்:
உற்சாகம் சற்று அதிகம்.

ஆறாவது.
எண் 217.
ஜன்னலுக்கு நேரே பிடித்தோம். வைக்கோல் நிறம்.
கிண்ணத்தின் சுவரில் சரிகை விட்டு விட்டு
நிதானமாய் இறங்கியது நுரை.
மூக்கை வைத்தேன்.
முதலில் சாத்துக்குடித் தோல், அப்புறம் பைன் பிசின்,
அதற்கும் பின்னால்
நெய்யில் வறுத்த வேப்பம்பூ.

கசப்பு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது.
முன்நாக்கில் ஒன்றுமில்லை.
ஓரங்களில் துவர்த்து, அடிநாக்கில் கைத்து,
விழுங்கிய பிறகு தொண்டையில்
ஒரு தாழ்ப்பாள் போடுகிறது.
அந்தத் தாழ்ப்பாளை எனக்குத் தெரியும்.

போன வருஷம்வரை டங்கனும் நானும்
அவன் கார் கொட்டகையில் சேர்ந்து காய்ச்சினோம்.
ஹாப்ஸை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்துவிட்டு
உன் ரசத்தில் மிதந்த பூ என்றான், ஒருநாள்.
பதினெட்டு டாலர் வெப்பமானிக்காகப் பேச்சை நிறுத்தினோம்.
வெப்பமானிக்காக மட்டும் அல்ல.

பூ குணம். நெய் குற்றம்.
பேல் ஏலில் நெய் மணந்தால் அவசரம் என்று பொருள்.
ஈஸ்ட் தான் விட்ட மிச்சத்தைத் தானே தின்று முடிக்க
கதகதப்பில் இரண்டு நாள் சும்மா விட வேண்டும்.
சும்மா விடுவது
அவனுக்கு எப்போதும் வராது.

ஐம்பதுக்கு லொரெய்ன் முப்பத்தாறு,
மார்க்கோ முப்பத்தைந்து.
நான் இருபத்தொன்பது.
ஏன் இவ்வளவு கீழே, என்றாள் லொரெய்ன்.
பென்சிலைக் கடித்துக்கொண்டு தேடினேன்,
நெய்க்கு எவ்வளவு கழித்தேன்
எனக்கு எவ்வளவு.

இன்னொரு வாய்.
இதற்குள் கிண்ணம் கைச்சூட்டில் இளகியிருந்தது.
நெய் கூடியிருந்தது, சத்தியமாக.
லொரெய்னும் முகர்ந்தாள். ம், வெண்ணெய் என்றாள், இரண்டைக் குறைத்தாள்.
அந்தத் தாழ்ப்பாளுக்காக நான் நான்கைக் கூட்டினேன்.
மார்க்கோ தலையாட்டினான், முப்பத்து நான்கில் வந்து நின்றோம்.

தாளில் மணம் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் வேப்பம்பூ என்று எழுதி,
அழித்து, பம்பளிமாஸ் தோல் என்று எழுதி,
அதையும் அழித்தேன்.
தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.
அந்த மெலிந்த இடத்திலேயே மறுபடி வேப்பம்பூ.
வேறு யாராவது காய்ச்சியிருந்தால்
விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கீழே, குறைகள் என்ற கட்டத்தில்:
இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம்.
கையெழுத்துக்குப் பதில் நடுவர் எண்.

உப்பில்லா பிஸ்கட் ஒன்று, ஒரு மிடறு தண்ணீர்.
தண்ணீரில் கொஞ்சம் குளோரின்; அது திங்கட்கிழமை வேலை.
218 வந்தது.
பச்சை ஆப்பிள் என்றான் மார்க்கோ, கிண்ணத்தை எடுப்பதற்கு முன்பே.

இருந்தது.