பொருள் எண் ஒன்று

கொடுங்கையூர் மாநகராட்சிப் பள்ளி,
ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க
உட்கார்ந்திருக்கிறது பகுதி சபை.
கோரம் இருக்கா என்றார் கவுன்சிலர்.
இருபத்தாறு தலை. இருக்கிறது என்றேன்.
நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவன் நான்.

பொருள் எண் ஒன்று: மழைநீர் வடிகால்.
வரைபடம் ரிப்பன் மாளிகையிலிருந்து வந்தது.
அதில் நான்காவது குறுக்குத் தெரு
நேராக இருக்கிறது.

"நேராவா?" என்றாள் ரெஜினா,
இஸ்திரி வண்டிக்காரி.
"டிரான்ஸ்பார்மர்கிட்ட வளைஞ்சு
மசூதிச் சுவரை ஒரசிக்கிட்டு
என் வண்டிகிட்ட பள்ளமாப் போவுது.
தண்ணிக்குத் தெரியுது.
ஒங்க பேப்பருக்குத் தெரியல."

உதவிப் பொறியாளர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
'ஆலோசனை மேலே அனுப்பப்படும்' என்று எழுதினேன்.
பதினோரு கூட்டமாக இதே வரி,
கை தானாக எழுதிவிடுகிறது.

கடைசி பெஞ்சில் அன்றைக்கு ஒரு விருந்தாளி.
மலாவி நாட்டில் மாவட்டத் திட்ட அலுவலர்,
பெயர் சிகோண்டி பிரி.
அதிகாரப் பரவலைப் பார்க்க ஒன்பது நாள் பயணம்.
ஏழாம் நாள், மதியத்துக்கு மேல், நாங்கள்.
மொழிபெயர்க்க வந்த கல்லூரிப் பெண்
பாதியை விழுங்கினாள்.
மீதிப் பாதியில் அவர் கேட்டது:
"இந்த அறை வேண்டாம் என்றால்
அந்த வடிகால் நிற்குமா?"

மின்விசிறி மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவரே தொடர்ந்தார்.
"எங்களுக்கும் 'மேலே' என்று ஓர் இடம் உண்டு.
மூன்று கிராமங்கள் பாலம் கேட்டன.
திட்டத்தில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன்.
இரண்டு மழைக்காலம் கழித்து
பாலத்தின் பெயர்ப்பலகை வந்தது.
நல்ல கனமான பலகை.
அதைப் படுக்கப் போட்டுத்தான்
இப்போது ஓடையைத் தாண்டுகிறார்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம்.
"பலகையாச்சும் வந்துச்சே" என்று எழுந்த ரெஜினா
சாக்பீஸை எடுத்தாள்.
கரும்பலகையில் தெரு வளையத் தொடங்கியது.
பள்ளம் இன்னும் இந்தப் பக்கம் என்றார் பால்காரர் சுலைமான்.
இல்லை, முட்டுச்சந்து வரை என்றது வேறொரு குரல்.
பாதி வாய்ப்பாட்டின் மேல் ஓடியது தண்ணீர்:
ஏழெட்டு ஐம்பத்தாறு மூழ்கியது.

தேநீர் ஆறிப்போன பிறகும் சண்டை ஓயவில்லை.
திங்களன்று டீச்சர் அழித்துவிடுவார் என்பதால்
குறிப்பேட்டின் ஓரத்தில் அப்படியே வரைந்துகொண்டேன்,
கோணல்மாணலாக.
பிறகு மேலே போய்
'ஆலோசனை' என்ற சொல்லை அடித்தேன்.
பக்கத்தில் சின்னதாக எழுதினேன்: முடிவு.

திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.
அதற்கு முதலில்
படிக்க வேண்டுமே.