துண்டு

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
ஏழாம் மாதத்துக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள்.
இரண்டே சொல், இரண்டும் இங்கிலீசு.
பின்னால் இருப்பது வேலை என்றாள் மிஸ்ஸி.
முன்னால் இருப்பது லைட்.
நான் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரட்டுக் களத்தில் சவரிமுத்து கங்காணி
துண்டைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார்.
"லைட்டுன்னா கனமில்லாதது.
கனமில்லாத வேலைக்குக்
கனமில்லாத சம்பளம்."
அரைப் பேர் போட்டார்.

வெளிக்கள ஐயாவுக்கு அது வேறு.
லைட் என்றால் லேசு.
"லேசாகக் கான் வெட்டு" என்றார்,
கானுக்கும் சொல்லி வைத்தவர்போல.
மூன்று நாள் வெட்டினேன்.
மண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு ஸ்டோர் கூட்ட அனுப்பினார்கள்.
அங்கே டீமேக்கர்
வரிசையாகக் கோப்பை வைத்து
கரண்டியால் உறிஞ்சி
வாய்க்குள் சுழற்றித் துப்புகிறார்.
ஒரு கோப்பையில் முகம் கோணியது.
"லைட்" என்றார்.
என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று
விளக்குமாற்றோடு திரும்பினேன்.
சாறில்லையாம். திடமில்லையாம்.
கொழும்பு ஏலத்தில் நிற்காதாம்.

அதே கிழமை
துரை பங்களாவில் (இப்போது ஹோட்டல்)
வெள்ளைக்காரி ஒருத்தி
லைட்டாக ஒரு டீ கேட்டாளாம்.
ஆயிரத்து இருநூறு ரூபாய்.
குசினியில் நிற்கும் நாத்தனார் புனிதவதி சொன்னாள்,
சாயம் போதாது என்று
தானே வெட்கப்பட்டு.

தீபாவளி முற்பணம் வந்த அன்று
இவர் வாசலில் தடுக்கி விழுந்தார்.
"லைட்டாத்தான் போட்டேன்."
தூக்கிப் பார்த்தேன்.
இந்த லைட்தான்
எல்லாவற்றிலும் பாரம்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்க
ஆபீசில் துண்டைக் கேட்டார்கள்.
பொலித்தீனில் சுற்றித்தான் வைத்திருந்தேன்.
ஐப்பசி மழைக்குப் பொலித்தீன் எந்த மூலை.
நீல மை ஊறி
கடுதாசி முழுக்க வானமாகக் கிடந்தது.
யோகராசா கிளாக்கர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
ஜன்னலுக்கு நேரே பிடித்தார்,
வெளியே பனிமூட்டம்.
"அந்த லைட்டைப் போடு" என்றார் பியோனிடம்.
போட்டும் ஒன்றும் இல்லை.

"இதில என்னம்மா எழுதியிருந்திச்சு?"

உள்ளே ஓர் உதை,
விலா எலும்புக்குக் கீழே.

"அரைநாள் வேலை.
முழுப் பேர்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.