வயது என்ற கட்டம்

பூர்க்டோர்ஃப் நூலகத்தில் இளையோர் அடுக்குக்கு முன்னால்
கிடக்கும் கதிரைகள்
என் முழங்காலுக்குச் சரிவராத உயரம்.
ஒருமுறை இருந்தால்
எழும்புவதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் வருவேன்,
முதியோர் இல்லத்துச் சமையலறையைக் கழுவி முடித்து,
விரலில் வெங்காயம் மணக்க.
முதலில் டொச் பரீட்சைக்காகத்தான் வந்தது:
சின்ன வசனங்கள், சின்ன அத்தியாயங்கள்,
அகராதி தேவைப்படாத அழுகைகள்.
பாஸாகிப் பதினொரு வருடம்.
இந்த அடுக்கை விட்டு
பெரியவர்களின் மாடிக்கு ஏற இன்னும் மனமில்லை.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்மட்டையிலும்
ஒரு மஞ்சள் அட்டை:
முதலெழுத்து, வயது, நட்சத்திரம், கருத்து.
நான் நிரப்புவது: த., 17.
நூலகர் ஏஷ்லிமானுக்குத் தெரியும்.
இந்த ஊரில் எல்லாரும் ஏழுக்கு இடுப்பில் கோடு போடுகிறார்கள்,
என் ஏழுக்கு இடுப்பு வெறுமை.
அவ ஒன்றும் சொல்வதில்லை.

என் கருத்துகள் கொஞ்சம் உறைப்பு.

டிராகன் வளர்ப்பவளுக்கு எழுதினேன்:
அறுநூறு பக்கம், ஒருநாளாவது
அதற்குத் தீனி வைத்தாயா?
எங்கள் வீட்டு முயலே
கிழமைக்கு இரண்டு கட்டு வைக்கோல் தின்னும்.

முதல் அத்தியாயத்திலேயே தாயைச் சாகடிப்பவர்களுக்கு:
இந்த வருடம் மட்டும் ஒன்பது தாய்மார்.
தாய் உயிரோடிருந்தால்
பெட்டையை நடுச்சாமத்தில் காட்டுக்குள் விடமாட்டாள்,
விளங்குது.
ஆனால் ஒருத்தியையாவது
இரவு வேலைக்கு அனுப்பியிருக்கலாமே.

இரண்டு பெடியன்களுக்கு நடுவே தவிப்பவளுக்கு:
மூன்று பாகமாகியும்
உங்களில் ஒருவருக்குக்கூட
உடுப்புத் தோய்க்கும் முறைநாள் வரவில்லை.

ஸ்கேட்போர்ட் களவெடுத்தவனுக்கு மட்டும்
ஐந்து நட்சத்திரம்.
மன்னிப்புக் கேட்கப் போனவன்
மணியை அடிக்காமல்
படியில் காலணி நாடாவை அவிழ்த்துக் கட்டிவிட்டுத் திரும்புகிறான்.
அந்தப் பக்கத்தை மூன்றுதரம் வாசித்ததில்
என் பஸ் தரிப்பைத் தாண்டிப் போனேன்.

பிறகு அந்த நீல மட்டை.
படகில் வந்த பெட்டை,
முந்நூறு பக்கம் வாயே திறக்கவில்லை.
மௌனம் மெழுகுதிரி மாதிரி
வடிவாக எரிந்துகொண்டிருக்கிறது.
எழுதினேன்:
வந்த சனம் இப்படி வாய்மூடி இருக்க ஏலாது.
படிவம் நிரப்ப வேண்டும், விலை கேட்க வேண்டும்,
வயிற்றுவலி எந்தப் பக்கம் என்று
டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.
இரண்டு நட்சத்திரம். த., 17.

மூன்று கிழமை கழித்து எடுத்துப் பார்த்தால்
அதன் கீழே பச்சை மையில்:

ய., 15.
வந்து பதினாலு மாதம் நான் பேசவில்லை.
தம்பி எனக்குமாகப் பேசினான்.
புத்தகத்தில் உள்ளது சரி.
எல்லாம் தெரிந்தவளே,
நீ எங்கே இருந்து வந்தாய்?

நீ என்று எழுதியிருந்தாள்.
வேலையிடத்திலும் என்னை நீ என்பவர்கள் இருக்கிறார்கள்,
அது வேறு நீ.
இது சண்டைக்கு வந்த நீ.
பக்கத்துக் கதிரைக்காரிக்குச் சொல்கிற நீ.
எத்தனை வருடம் கழித்து ஒன்று கிடைத்திருக்கிறது!
அழிறப்பர் கையில் கிடந்து சூடேறியது.

நட்சத்திரத்தை மாற்றவில்லை.
அந்தப் புத்தகத்துக் கடல்
இன்னும் எனக்கு மணக்கவில்லை.
பதினேழை மட்டும் வெட்டி
நாற்பத்தெட்டு என்று போட்டேன்.
கீழே, இருந்த இடத்துக்குள் நெருக்கி:

பருத்தித்துறையிலிருந்து.
விமானத்தில், வேறொருத்தியின் பெயரில்.
நான் வாய் ஓயாமல் பேசினேன், ய.,
பயத்தில்.
பக்கத்தில் இருந்தவருக்கு
மீன்குழம்பு வைக்கும் விதம்கூடச் சொன்னேன்.

அட்டை அதோடு முடிந்துவிட்டது.
ஏஷ்லிமான் ஒரு புது அட்டையை அதன் கீழே ஒட்டினா,
கொஞ்சம் கோணலாக.

நீல மட்டை இப்போது வெளியே போயிருக்கிறது.
திருப்பித் தரும் திகதி இருபத்தொன்று.
யார் கொண்டுபோனது என்று கேட்டேன்,
சொல்லக்கூடாதாம், சட்டம்.

அதுவரைக்கும் டிராகன், இரண்டாம் பாகம்.
நூற்றிநாற்பதாம் பக்கம்.
இன்னும் பட்டினி.