பதினேழாம் பெட்டி

தெமட்டகொடையில், தகரக் கூரைக்குக் கீழே,
கருவாட்டுக் கடைப் பெட்டிகளைப் போல
அடுக்கியிருக்கிறது துளைத்தெடுத்த பாறை.
வாசம் மட்டும் இல்லை.

பதினேழாம் பெட்டி. ஆண்டிகமவிலிருந்து வந்தது.
நான் எழுதுவது மேலிருந்து கீழே,
அது நடந்தது கீழிருந்து மேலே.
இதற்குப் பழகவே எனக்கு ஒரு மாரி போயிற்று.

வாளித் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கிறேன்.
ஈரம் பட்டால்தான் இந்தக் கல் வாய் திறக்கும்.

சாம்பல் களிக்கல்: அசையாத நீர்.
அதற்கு மேல் மணல், அடியில் பருமன், போகப்போக நுணுக்கம்:
ஆறு கரையை உடைத்த நாள்.
நாள் என்று எழுதியதை நஸ்மியா வெட்டினாள்.
"ஒரு மணித்தியாலமாகவும் இருக்கலாம்."

பிறகு வெடிப்புகள்.
காய்ந்து பிளந்த சேறு, பிளவுக்குள் இறங்கிய மணல்.
"என்ன வெக்கை" என்று
சொல்ல ஒருவரும் இல்லாத வெயில்.

பிறகு ஒரு பன்ன இலை, பாதி.
மற்றப் பாதியைத் துளைகருவி விட்டுவிட்டது.
அது இன்னும் அங்கேதான்,
யாரோ ஒருவரின் தென்னங்காணிக்கு அடியில்.

இரண்டு படைகளுக்கு நடுவே ஒரு கோடு,
தலைமயிர் அளவு.
"இதில் எவ்வளவு காலம் போயிருக்கும்?"
பிளேன்டீயை ஊதிக்கொண்டே நஸ்மியா:
"இருக்கிறதைத்தான் அளக்கலாம்."
எழுதினேன்: அரிப்பு. இடைவெளி தெரியாது.

மத்தியானம் வேறொரு பதிவு வந்தது சரிபார்க்க,
கடலை நிரப்பிய நிலத்தில்
கோபுரம் ஒன்றுக்காகப் போட்ட துளை.
மேலே மணல், உடைந்த சிப்பி, மணல், மணல்.
கீழே, சட்டென்று, பழைய கடலடி.

இடம் தெரியாமல் வாசித்திருந்தால்
தயங்காமல் எழுதியிருப்பேன்:
கரை கடலுக்குள் வளர்ந்தது,
மெல்ல மெல்ல, நூற்றாண்டு நூற்றாண்டாக.

ஆனால் நான் பார்த்தேனே.
காலிமுகத்தில் இறால் வடையைக் கடித்தபடி
எல்லோரும் பார்த்தோம்,
ஒரு கப்பல் நின்று மணலை
வானவில்லாகத் துப்பியதை.
ஒரு பிள்ளை கை தட்டியது.
பொழுது சாய முன்னமே
தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு முதுகு எழுந்தது.
வடை சுற்றிய தாளைக் காற்று அந்தப் பக்கம் கொண்டு போனது.
அதுவும் இப்போது ஒரு படை.

திரும்பி வந்து பதினேழைப் பார்க்கிறேன்.
இங்கே கப்பல் இல்லை, அது நிச்சயம்.
ஆனாலும் எங்கெல்லாம் "மெல்ல" என்று போட்டேனோ
அங்கெல்லாம் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
பதினொரு இடம்.
நஸ்மியா எண்ணிவிட்டுச் சிரித்தாள், வெட்டவில்லை.

சுத்தியலோடு வந்து நிற்கிறான் லயனல்.
மூடியை அடிக்கட்டுமா என்கிறான்.
இன்னும் ஈரம், என்கிறேன்.