ஆறாவது அங்கி

சௌகிட் சந்தையில் நாசி லெமாக் விற்கும் ரொஹானி அக்காவுக்கு
நான்கு மழைக்காலம் கூரையாய்க் கிடந்த நீலக் கித்தான்
இப்போது என் மேசைமேல்.
சம்பல் வாடை இன்னும் போகவில்லை.
சியூ யென் மோந்து பார்த்துவிட்டு
"கழுவ வேண்டாம்" என்றாள்.

மாற்றாக அவருக்குப் புதுக் கித்தான் வாங்கித் தந்தாள்.
பழசுக்குப் புதுசா, இந்தப் பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று
அவள் காதுபடவே சொல்லிச் சிரித்தார் ரொஹானி அக்கா.

நான் பழகிய துணிகளுக்கு மன்னிக்கும் குணம் உண்டு.
பருத்தியில் தையலைப் பிரித்தால்
நகத்தால் இரண்டு முறை நீவி, நீராவி காட்டினால் போதும்,
ஊசி வந்து போனதே அதற்கு நினைவிருக்காது.
கித்தான் அப்படியல்ல.
பதினெட்டாம் எண் ஊசி ஒருமுறை இறங்கினால்
இறங்கியதுதான்.

முதுகுப் பக்கத்தில் ஒரு கிழிசல்,
ஐம்பது காசு நாணயம் அகலம்.
நான் யோசிக்கவில்லை. கையும் கேட்கவில்லை.
உள்பக்கம் ஒட்டு வைத்து
வட்டமாய் மூன்று சுற்று அடித்து
நூலை வெட்டும்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.
"அக்கா," என்றாள், "அந்த ஓட்டைதானே சட்டை."

இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன்.
பள்ளிச் சீருடை, விமானப் பணிப்பெண் கெபாயா,
பத்துமலைக்குப் போகும் மஞ்சள் வேட்டிகளுக்கு ஓரம்,
ஒருமுறை, ஒரு நாய்க்குக் கல்யாணக் கோட்டு.
ஓட்டையை விடு என்று
ஒருவரும் சொன்னதில்லை.

பிரித்தேன்.
ஒட்டு கழன்றது, நூல் கழன்றது.
கிழிசலைச் சுற்றி மூன்று வட்டமாய்ப் புள்ளிகள் மட்டும்
அப்படியே நின்றன.
"ஐயோ, சாரிம்மா."
அவள் அங்கியைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
செந்தூல் வெயில் அந்தப் பொடித் துளைகள் வழியே வந்து
சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.
அது கிளம்பவேயில்லை.

பெட்டாலிங் தெருவுக்குப் பின்னால், ஒரு மாடியில், கண்காட்சி.
தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் புள்ளிகளின் முன் நின்று
விண்மீன் கூட்டம் என்றார், காயம் என்றார்,
நெடுநேரம் எதையெதையோ என்றார்.
நான் கறிபாப் தின்றுகொண்டிருந்தேன்.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
இரண்டாம் சுற்றில், ஏழாம் புள்ளிக்கு அப்புறம்,
என் மிதி தடுமாறியிருக்கிறது.

மறுவாரம் தொலைபேசி.
"அக்கா, இன்னும் ஆறு. அதே மாதிரி."
சந்தையில் பாதிப் பேர் இப்போது புதுக் கூரைக்குக் கீழே.

நூல் கோக்காமல் வெறும் ஊசியால் குத்திப் பார்த்தேன்.
செத்த புள்ளிகள்.
தாளில் குறித்துக்கொண்டு குத்தினேன், தடுமாற்றம் உட்பட.
இன்னும் மோசம்.
கடைசியில் வழி ஒன்றுதான் இருந்தது:
இனி இதற்குள் ஒரு சொட்டு மழை வரக்கூடாது என்று
மனதார நம்பித் தைப்பது,
முடித்ததும் பிரிப்பது.
நம்பாமல் தைத்தால் கித்தான் கண்டுபிடித்துவிடுகிறது.

ஐந்து அங்கி இப்படிப் போனது.
ஐந்தாவதின் ஒட்டை உருவியபோது
நனைந்துகொண்டு நிற்பவர் கையிலிருந்து
குடையைப் பிடுங்கியது போலிருந்தது.

ஆறாவது, நேற்றிரவு.
வெளியே அடைமழை. ரயில் பாலத்துக்கடியில்
மோட்டார்க்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள்,
ஒருவன் தலைக்கவசத்தோடே தூங்கிவிட்டான்.
மூன்று சுற்று. நூலை முடிந்தேன்.
பிரிப்பானைக் கையில் எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

அப்படியே மடித்துப் பையில் போட்டு
காலையில் கிராப் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பியாயிற்று.
மணி மூன்றாகிறது.
சியூ யென் இன்னும் கூப்பிடவில்லை.