ஒட்டுப் பலகை

கச்சேரி வாசலில், கோட்டை மதிலின் உட்புறம்
ஒரு மரப் பலகை இருந்தது.
அதில் கடதாசி ஒட்டுவது என் வேலை.
நியமனக் கடிதத்தில் அப்படி இல்லை;
அலுவலகப் பணியாள், மூன்றாம் தரம் என்று மட்டும் இருந்தது.

இரண்டு மாகாணங்களை ஒன்றாக்கிய வருடம்
"தற்காலிகமாக" என்றொரு சொல் வந்தது.
ஒரு வருடத்துக்குள் கிழக்கைக் கேட்பார்களாம்:
சேர்ந்திருக்கிறாயா, தனியே போகிறாயா?
தலைமை எழுதுவினைஞர் வன்னியசிங்கம்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"தாலியைக் கட்டிப்போட்டுத்தான்
பொம்பிளைட விருப்பத்தைக் கேக்கப்போறாங்கள்."

நான் கோதுமை மாவைக் காய்ச்சினேன்.
கரப்பான் தின்னாமல் இருக்கத் துளி துரிசு.
முதல் திகதியை ஒட்டினேன்.
அதன் மேல் அடுத்த திகதி.
அதன் மேல், ஒத்திவைக்கப்படுகிறது.
அதன் மேலும்.

எங்கள் ஊரில் இதற்கு வேறு சொல் இருக்கிறது: மறுகா.
மறுகா வாறன். மறுகா தாறன். மறுகா பாப்பம்.
கடன்காரனுக்கும்
கடைத்தெருவில் அழுகிற பிள்ளைக்கும் சொல்கிற சொல்லை
மூன்று மொழியில் அச்சடித்து
முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வாக்காளர் இடாப்பும் என் மேசையைத் தாண்டித்தான் போகும்.
தொண்ணூறுக்குப் பிறகு சிவப்பு மை போதவில்லை.
ஓர் ஒழுங்கையை முழுதாக வெட்டினோம்,
கோடு போடும்போது அடிமட்டம் வைத்து, நேராக.
கமலேந்திரனின் பெயரை நான் வெட்டவில்லை.
என் தம்பி.
வெட்டச் சொல்லி எவரும் படிவம் தரவில்லை,
தரவேண்டியவன் நான்தான்.
நான்கு வருடம்
கேட்கப்படாத கேள்விக்கு அவனிடம் ஒரு வாக்கு இருந்தது.

பதிவேட்டு அறை உதுமாலெவ்வை
காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருவான்.
அந்த ஆவணிக்குப் பிறகு நாற்பது நாள் வரவில்லை.
வந்த அன்று
தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினான்,
முன்னைப் போலவே, கைபிடி என்னைப் பார்க்க.
அவன் விடை மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.
என் விடையும் மாறியிருந்தது அவனுக்குத் தெரியாது.
வட்டப் பலகாரத்தை இரண்டாகப் பிய்த்துத் தின்றோம்.

உகணையிலிருந்து இடமாற்றம் வந்த ஜீப் சாரதி பியசிரி
ஒவ்வொரு மார்கழியிலும் பலகையடியில் நின்று கேட்பான்:
"எப்ப வைச்சாலும் அண்டைக்கு லீவு தானே?"

பதினெட்டு வருடம்.
தற்காலிகம் அவ்வளவு காலம் உறுதியாக நின்றது.
நிரந்தரம் என்று கல்லடியில் கட்டிய வீடுகள்
ஒரு காலையில் கடலோடு போயின.

மறுகா, கொழும்பில் நீதிமன்றம் சொன்னது:
சேர்த்த முறை பிழை.
பிரிந்தது என்று ஒட்டுவதற்கு
எனக்கு ஒரு தாளும் வரவில்லை.
ரேடியோவில் கேட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில்
மாவைக் கரைத்து, பிறகு கோழிக்கு ஊற்றினேன்.

ஓய்வுபெறுவதற்கு முந்திய கிழமை
வெந்நீர் விட்டுப் பலகையைச் சுரண்டினேன்.
தனித்தனியாக உரியவில்லை.
எல்லா வருடமும் ஒரே பாளமாக,
பெருவிரல் தடிப்பில், கையோடு வந்தது.
நகத்தால் பிரித்துப் பார்த்தேன்.
என் பசை நல்ல பசை.

அடியில், மரத்தோடு ஒட்டி,
அதற்கும் முந்திய அறிவித்தல் ஒன்று:
வளர்ப்பு நாய்களுக்கு விசர்த் தடுப்பூசி,
ஆனி பதினைந்து, காலை ஒன்பது மணி.
அந்தத் திகதியில் உண்மையாகவே ஊசி போட்டார்கள்.
எங்கள் சிவலையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் கல்லடிப் பாலத்தடியில் உதுமாலெவ்வையைக் கண்டேன்.
கண் வெட்டுவித்து, கறுப்புக் கண்ணாடி.
வெயில் பற்றி, பென்சன் பற்றி, மகளின் சவூதி பற்றி.
பஸ் தூரத்தில் தெரிந்த பிறகுதான் கேட்டேன்:
"அண்டைக்குக் கேட்டிருந்தா
நீ எதுக்குப் புள்ளடி போட்டிருப்பாய்?"

ஒரு காலை மிதிபலகையில் வைத்துத் திரும்பினான்.
"நீ முதல்ல செல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வெளிக்கிட்டது.
திறந்தேனா என்பதும்
எனக்குச் சந்தேகம்தான்.